வயநாட்டில் முளைத்தது நீலகிரியில் ஏன் முளைக்கவில்லை? மகளிர் கிரிக்கெட் அணி குறித்து ஒரு விவாதம்

தேவாலா மழை:

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று இந்திய மகளிர் அணி முதன்முறையாக உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் நான் படிக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கணக்கைச் சொல்கின்றன: 2022இல் ஆண்களுக்கு நிகரான ஆட்ட ஊதியம் வந்தது, 2023இல் மகளிர் பிரீமியர் லீக் வந்தது, ஆகவே கோப்பை வந்தது. இந்தக் கணக்கில் ஒரு பெரிய பகுதி விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து.

கூடலூரிலிருந்து தேவர்சோலை வழியாகப் போய்ப் பாட்டவயல் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வயநாடு வந்துவிடும். அதே தேயிலை, அதே காப்பி, அதே தென்மேற்குப் பருவமழை. அந்த மாவட்டத்திலிருந்து மின்னு மணி 2023இல் இந்திய அணிக்குப் போனார், கேரளத்திலிருந்து இந்திய மகளிர் அணிக்குச் சென்ற முதல் வீராங்கனை அவர். 2024இல் சஜனா சஜீவன் போனார். 2025இல் மலேசியாவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற அணியில் வி.ஜே. ஜோஷிதா இருந்தார். 2011 கணக்கெடுப்பின்படி வயநாட்டின் மக்கள்தொகை 8.17 லட்சம், நீலகிரியுடையது 7.35 லட்சம். ஆகவே, ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் அந்த வரிசையில் வைத்துச் சொல்ல நம் பக்கம் பெயரில்லை. ஏன் என்று நண்பர்கள் விவாதிக்க வேண்டும்.

கோத்தகிரி வாசகன்:

கேள்வி நியாயமானது. ஆனால், மேலிருந்து வந்த பணத்தின் பங்கை நீங்கள் குறைத்து மதிப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. 1976இல் சாந்தா ரங்கசாமி தலைமையில் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுகளை வென்று முதல் டெஸ்ட் வெற்றியும் கிடைத்துவிட்டது. அதாவது, திறமையும் ஆர்வமும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன. இல்லாதது பணம். வீராங்கனைகள் முன்பதிவில்லாப் பெட்டிகளில் பயணம் செய்து, பொதுக்கூடங்களில் படுத்துறங்கி ஆடிய காலம் அது. 1988 உலகக் கோப்பையில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

நமக்கு அருகில் நடந்த ஒன்றையே பாருங்கள். 2014 நவம்பரில், முதுமலை, பந்திப்பூர் வழியாக நாம் போய்வரும் அதே மைசூரில், தமிழ்நாட்டின் திருஷ் காமினி தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்டில் 192 ஓட்டங்கள் எடுத்தார். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். அந்த 192க்குப் பிறகு இந்திய மகளிர் அணி அடுத்த டெஸ்டை ஆடியது 2021 ஜூனில். ஆறரை ஆண்டுகள் ஒரு டெஸ்ட் கூட இல்லை! கீழே எத்தனை நல்ல ஆசிரியர்கள் இருந்தும் என்ன பயன், ஆடுவதற்கு மேலே ஆட்டமே இல்லாதபோது?

2006இல் இந்திய கிரிக்கெட் வாரியம் மகளிர் ஆட்டத்துக்குப் பொறுப்பேற்றது, 2015இல் மகளிருக்கு ஆண்டு ஒப்பந்தம் வந்தது, 2023இல் ஐந்து லீக் அணிகள் ஏறத்தாழ 4,670 கோடிக்கு விலைபோயின. மின்னு மணியின் பெயர் நாட்டுக்குத் தெரிந்ததே டெல்லி அணி 30 லட்சத்துக்கு அவரை எடுத்த பிறகுதான்.

தேவாலா மழை:

பெயர் தெரிந்தது அப்போது. ஆனால், ஆள் உருவானது எப்போது? மானந்தவாடி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருந்த சிறுமியை ஓர் உடற்கல்வி ஆசிரியை கண்டுகொண்டு, வீட்டாரிடம் பேசி, மாவட்டத் தேர்வுக்கு அழைத்துப் போனார். லீக் தொடங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முற்பட்ட செய்தி அது. சஜனாவுக்கும் வழி காட்டியவர் அதே ஆசிரியைதான். 2024 லீக்கின் முதல் ஆட்டத்தில், கடைசிப் பந்தில் 5 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, தான் சந்தித்த முதல் பந்தையே ஆறுக்கு அனுப்பினாரே, அந்த அடியை லீக் கற்றுக்கொடுக்கவில்லை.

அது மட்டுமன்று. 2005இலும் 2017இலும் இந்தியா உலகக் கோப்பை இறுதிப்போட்டிக்குப் போனது. 2017இல் லார்ட்ஸில் தோற்றது வெறும் 9 ஓட்டங்களில். 2005 அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர் தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷா. அப்போது லீக்கும் இல்லை, சம ஊதியமும் இல்லை. இரண்டு முறையும் அணித்தலைவராக இருந்த மித்தாலி ராஜ் ரயில்வே ஊழியர். மாதச் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் கொடுத்து வீராங்கனைகளைக் காப்பாற்றியது ரயில்வேதான். அதனால்தான் 2006-07 முதல் உள்நாட்டு மகளிர் சீனியர் ஒருநாள் போட்டிப் பட்டங்களில் பெரும்பாலானவை அந்த அணிக்கே போயின.

சம ஊதியம் என்பதிலும் ஓர் அடிக்குறிப்பு தேவை. ஆட்ட ஊதியம்தான் சமமாயிற்று. 2022-23 ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில் ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். அது கிடக்கட்டும். மலை உச்சியில் உள்ள தொட்டி நிரம்பி வழிந்தாலும், குழாய் போடாத தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் தண்ணீர் வராது. நான் கேட்பது குழாயைப் பற்றி.

குன்னூர் ஆசிரியை:

உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், இருவரும் தொடாத ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். நல்ல ஆசிரியை ஒருவர் இருந்தால் போதும் என்று தேவாலா நண்பர் எழுதுவது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாதி உண்மை.

நம் மலைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் எறிபந்து ஆடுகிறார்கள், கைப்பந்து ஆடுகிறார்கள், ஓடுகிறார்கள். கிரிக்கெட் ஆடுவதென்றால் அண்ணன் தம்பிகளோடு டென்னிஸ் பந்தில். படுகர் கிராமங்களில் ஆண்களுக்கான போட்டிகள் எவ்வளவு உற்சாகமாக நடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும், அந்தத் திடலின் ஓரத்தில் பந்து பொறுக்கிப் போடும் தங்கையின் எறிதல் சில சமயம் உள்ளே ஆடுபவனுடையதைவிட நேராக இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தோல் பந்தில் ஆட வேண்டுமென்றால் மட்டை, காலுறைக் காப்பு, கையுறை, தலைக்கவசம் வேண்டும். மேட்டிங் எனும் ஆடுதள விரிப்பைப் போடவாவது சமமான நிலம் வேண்டும். இவை எல்லாவற்றையும் யாரோ ஒரு நல்ல மனிதர் வாங்கிக் கொடுத்துவிட்டார் என்றே வையுங்கள், எதிரணி எங்கே? ஒரு பள்ளியில் தோல் பந்துக்கு அஞ்சாத பெண்பிள்ளைகள் ஐந்து அல்லது ஆறு பேர் தேறுவார்கள். பதினொருவர் கொண்ட அணி அமைக்கவே மூன்று பள்ளிகள் சேர வேண்டும், எதிரணிக்கு இன்னும் மூன்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பிள்ளைகளை ஒரே இடத்தில் சேர்ப்பது சமவெளியில் இருப்பவர்கள் நினைப்பது போன்ற காரியமன்று. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் இவர்கள்.

வாரியம் 2022-23 முதல் 15 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கு ஒருநாள் போட்டி நடத்துகிறது. மிக நல்ல முயற்சி. ஆனால், அதன் விளைவு என்னவென்றால், ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகத் தோல் பந்தைத் தொடும் மலைப்பிள்ளை, ஏழாம் வகுப்பிலிருந்தே வலைப்பயிற்சி எடுத்த சென்னைப் பிள்ளைக்கு எதிரே தேர்வில் நிற்கிறாள். தேர்வாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் கண்முன் பார்த்ததை வைத்துத்தானே எடுப்பார்கள்.

வயநாட்டில் ஆசிரியை இருந்தார் என்பதோடு, அந்த மாவட்டத்துக் கிருஷ்ணகிரியில் கேரள மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் மைதானமும் இருக்கிறது. 2019இல் கேரளம் முதன்முறையாக ரஞ்சி அரையிறுதிக்குத் தகுதி பெற்ற ஆட்டம் அங்கேதான் நடந்தது. பள்ளிக்கும் மாநில அணிக்கும் நடுவில் ஒரு படி அங்கே உண்டு, இங்கே அது இல்லை.

கோத்தகிரி வாசகன்:

அம்மா எழுதியது முற்றிலும் சரி, ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. நடுப்படி என்பது பணமும் நிர்வாகமும் உள்ள மாநிலச் சங்கம் கட்டிக் கொடுத்தால் வருவது.

இமாச்சலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலச் சங்கம் தர்மசாலாவில் சிறுமியருக்கான உறைவிடப் பயிற்சியகத்தை நிறுவியது. சிம்லா மாவட்டத்து ரேணுகா சிங் தாக்கூர் அங்கே வளர்ந்துதான் இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளரானார், ஹர்லீன் தியோலும் அங்கே பயிற்சி பெற்றவர்தான். பள்ளிதோறும் மேட்டிங் விரிப்பது என்று இறங்கினால் ஒன்றும் உருப்படாது. ஒரே இடத்தில் விடுதி, பள்ளி, பயிற்றுநர், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றை அமைத்து, மாவட்டத்தின் இருபது சிறந்த பிள்ளைகளை அங்கே வைத்துவிட்டால் எதிரணிச் சிக்கலும் தீரும், பேருந்துச் சிக்கலும் தீரும். அதுவும் முடியாவிட்டால், கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ இறங்குவதில் என்ன இழுக்கு? மதுரையின் கமலினி 16 வயதில் மும்பை அணிக்கு 1.6 கோடிக்குத் தேர்வானார். பெரிய மைதானம் இருக்கும் இடத்துக்குத் திறமை போகத்தான் வேண்டும்.

பந்தலூர் வீட்டுக்காரி:

உறைவிடப் பள்ளி என்று எழுதுவது எளிது, ஐயா. டான்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண்ணை விளையாட்டுக்காக ஊர்விட்டு ஊர் அனுப்புங்கள் என்றால் முதல் கேள்வி பாதுகாப்பைப் பற்றியும், இரண்டாவது கேள்வி படிப்பைப் பற்றியும் வரும். மூன்றாவது கேள்விக்கு யாரும் விடை சொல்வதில்லை: தேசிய அணியில் ஒரு நேரத்தில் இடம் பதினைந்து பேருக்குத்தான், அந்தப் பதினைந்தில் வராதவளுக்கு என்ன கிடைக்கும்? ரயில்வே பற்றித் தேவாலா நண்பர் எழுதியதைப் பெற்றோர்களிடம் சொன்னால் அவர்கள் காது கொடுப்பார்கள். கோடி ரூபாய் ஏலத்தைச் சொன்னால் லாட்டரிச் சீட்டைப் போலத்தான் கேட்பார்கள்.

தேவாலா மழை:

கோத்தகிரி நண்பருக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். தர்மசாலா விடுதிக்கு அனுப்புவதற்கு முன்பே அந்தப் பிள்ளை பந்து வீசுவாள் என்று யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? நீங்கள் சொல்லும் சிறந்த இருபது பேரை எந்த ஆட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள்? பார்ப்பதற்கு முதலில் ஆட்டம் நடக்க வேண்டும். விடுதி வேண்டாமென்று நான் சொல்லவில்லை, அது இரண்டாவது வேலை என்கிறேன்.

மழையைக் காரணம் காட்டுபவர்களுக்கும் ஒரு சொல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம் திடல் சேறாகிவிடும் என்பது உண்மைதான். வயநாட்டிலும் அதே மழைதான் பெய்கிறது. ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதம் காய்ந்த நிலம் இருக்கிறது, அந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் நடத்தினாலே போதுமானது.

குன்னூர் ஆசிரியை:

ஜனவரியும் பிப்ரவரியும் சரி. மார்ச், ஏப்ரலில் தேர்வுகள் வந்துவிடும், மேயில் விடுமுறை. சுற்றுலா சீசன் தொடங்கியதும் மேல்மலையில் எந்தத் திடல் வாகன நிறுத்தமாக மாறும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே, கூடலூர்ப் பகுதியில் ஒரு திடலைத் தேர்ந்தெடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது, அங்கே சுற்றுலா நெருக்கடி குறைவு, குளிரும் குறைவு. ஆறு பள்ளிகள், ஒரு மேட்டிங், இரண்டு பெட்டி உபகரணங்கள், போக வர ஒரு வண்டி. இதற்கு ஆகும் செலவு ஓர் உறைவிடப் பயிற்சியகத்தின் சமையல் செலவைக்கூட எட்டாது.

கோத்தகிரி வாசகன்:

அந்த வண்டிக்கு யார் பணம் தருவார்கள் என்பதில்தான் நான் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன். நன்கொடையில் ஓர் ஆண்டு ஓடும், இரண்டாம் ஆண்டு நின்றுவிடும், கோத்தகிரியில் பையன்களுக்கான பயிற்சி முகாம் ஒன்று அப்படித்தான் நின்றது. வாரியத்தின் வருவாயில் ஒரு பங்கு மாநிலச் சங்கம் வழியாக மாவட்டச் சிறுமியர் ஆட்டத்துக்கென்று தனியாக ஒதுக்கப்பட்டால்தான் அது நிலைக்கும். ஆறு பள்ளிகளின் பட்டியலை ஆசிரியை அம்மா தயார் செய்தால், கோரிக்கை மனுவை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஆனால், அதில் விடுதியையும் இரண்டாவது கோரிக்கையாகச் சேர்ப்பேன், தேவாலா நண்பர் அதை ஆட்சேபித்தாலும் சரி.