பொருள்: போக்கரில் 'கால்', 'ஃபோல்டு', 'பாட்' – தமிழ்ச்சொல் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். முதலாண்டு நிகழ்தகவுப் பாடத்துக்குப் போக்கர் என்னும் பந்தயச் சீட்டாட்டத்தை எடுத்திருக்கிறேன். 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் வரிசை (ஐந்தும் அடுத்தடுத்த எண்) 10,200, ஓரினம் (ஐந்தும் ஒரே சின்னம்) 5,108 (இரண்டும் சேர்ந்தே வரும் 40 நீங்கலாக). ஓரினம் ஏன் வரிசையை வெல்கிறது என்பது பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். ஆளுக்கு இரண்டு மறைசீட்டு; நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று எனப் பொதுச்சீட்டு ஐந்து; ஏழில் சிறந்த ஐந்தே கணக்கு. இதுவரை தமிழ் தடையில்லாமல் வருகிறது. பந்தயத்தில்தான் முட்டுகிறது. எதிராளி வைத்த அளவை நாமும் வைப்பது 'கால்', சீட்டைப் போட்டு விலகுவது 'ஃபோல்டு', நடுவில் சேரும் பந்தயப் பொருள் 'பாட்'. 'அழைப்பு', 'மடிப்பு' என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. திங்களன்று குறிப்பு அச்சுக்குப் போகிறது.

> 'அழைப்பு', 'மடிப்பு'

வேண்டாம் ஐயா. யாரும் யாரையும் அழைக்கவில்லையே! மடி வள்ளுவருக்குச் சோம்பல், மடிதல் நமக்குச் சாவு. சீட்டைக் குப்புறப் போடுகிறோம், ஆகவே 'கவிழ்ப்பு'. 'கால்' என்பதற்கு 'ஈடு'. 'ஈடு கொடுத்தான்' என்பது ஊரறிந்த பேச்சு.

> 'ஈடு'

ஈடு என்றால் அடமானமும் உண்டு. வைணவர்க்குத் திருவாய்மொழி உரை. ஆனாலும் இடம் நோக்கிப் பொருள் தெளியும், ஏற்கிறேன். 'பாட்' என்பதற்குச் சொல் நம்மிடமே இருக்கிறது: ஆயம். 'உருளாயம் ஓவாது கூறின்' (குறள் 933). கவற்றில் (சூதாடு காயில்) விழுந்த பொருளையே குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஆயம் என்கிறார். இரண்டு குறள் தள்ளி 'கவறும் கழகமும்' வருகிறது. சூதாடும் இடத்துக்கு இருந்த பெயர்தான் இன்று பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. சொற்கள் இடம் மாறும், மீட்கவும் முடியும்.

> ஆயம்

மீட்கலாம் ஐயா, ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆயம் என்றால் ஆயத்தீர்வைதான் நினைவுக்கு வரும். தோழியர் கூட்டமும் ஆயம். 'நடுப்பணம்' போதும்.

> 'நடுப்பணம்'

வகுப்பில் பணம் கிடையாது அம்மா, புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடுகிறோம். அதனால் 'குவியல்' என்று போடுகிறேன். கவிழ்ப்புக்கு மறுப்பில்லை. ஈடுக்கு ஐவர் ஆதரவு. இவ்வளவில் அச்சுக்கு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

> 'குவியல்'

நெல்லும் குவியல், குப்பையும் குவியல். ஆட்டத்துக்கென்றே பிறந்த சொல்லைத் தீர்வைக் கணக்குக்கு விட்டுக்கொடுக்கிறோம். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த அச்சின்போது மறுபடியும் கேட்பேன்.