மறு: மஸில்லோடர் – தமிழில் என்ன சொல்லலாம்? வியாழனுக்குள் வேண்டும்

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லெக்சிங்டன்

குழுமத்தாருக்கு வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். எங்கள் பள்ளி ஆண்டுமலர் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆகஸ்டில் இங்கே கென்டக்கியில் நடக்கும் நீள்துப்பாக்கிக் கண்காட்சிக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். 1996இல் தொடங்கிய கன்டெம்பரரி லாங்ரைஃபிள் அசோசியேஷன் என்ற சங்கம் நடத்துவது. 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளை அதே முறையில் இன்றைக்கும் கையால் செய்கிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கூடவே வெடிமருந்து வைக்கும் மருந்துக்கொம்பு, வேட்டைப்பை, கைக்கோடரி, மான்தோல் செருப்பு, கூடை என்று அந்தக் காலக் கைவேலை எல்லாம் இருக்கும்.

பன்னிரண்டு படங்களுக்குக் குறிப்பு எழுத வேண்டும். எல்லாவற்றிலும் வரும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டேன். மஸில்லோடர், அதாவது குண்டையும் மருந்தையும் குழலின் முன்வாய் வழியாகப் போட்டு இடிக்கும் துப்பாக்கி. ஒலிபெயர்த்து விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு பையன் கட்டுரையில் "தசை ஏற்றி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மஸில் என்றால் அவனுக்குத் தெரிந்தது அந்த மஸில்தான். சிரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்று. கல்லை உரசித் தீப்பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் ஃப்ளின்ட்லாக்கைத் "தீக்கல் பூட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண் "சாவி எங்கே டீச்சர்?" என்று கேட்டாள். காப்பாற்றுங்கள்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

டீச்சர், இதற்கு எதற்குப் புதுச்சொல்? "நாட்டுத் துப்பாக்கி" என்று எழுதுங்கள். செய்தித்தாளில் தினமும் வருகிறது. மலைக்கிராமத்தில் பிடிபட்டது, ஏரிக்கரையில் ஒப்படைத்தார்கள் என்று வருவதெல்லாம் முன்வாயில் மருந்து போடும் இதே வகைதான். உரிமத்தில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதுவார்கள், ஒற்றைக்குழல் மஸில்லோடர் என்று பொருள். மக்கள் வைத்த பெயர் இருக்கும்போது நாம் ஏன் பட்டறை போட வேண்டும்?

---

அனுப்பியவர்: தஞ்சைப் புலவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

தங்கள் தமிழ்ப்பணி வாழ்க. நண்பர் சொல்லும் நாட்டுத் துப்பாக்கி ஏற்புடையதன்று. நாடு என்னும் அடை செய்த இடத்தைச் சுட்டுமே தவிர, செயல்முறையைச் சுட்டாது.

துப்பாக்கி என்பதையே முதலில் ஆராய வேண்டும். பலர் இதை அயற்சொல் என்று தள்ளுவர். துப்பு என்றால் வலிமை. துப்பை ஆக்குவது துப்பாக்கி. வள்ளுவப் பெருந்தகை 12ஆம் குறளில் "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை" என்று ஆண்டிருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பொருள் உணவு என்பது நான் அறியாததன்று. ஆயினும் சொல்லாட்சி நம்முடையது.

சிக்கிமுக்கிக் கல்லால் தீயெழுப்பும் வகைக்கு "ஞெலிகலன்" என்னலாம். அதியமானை ஔவை பாடிய புறம் 315இல், இல்லிறையில் செருகிய ஞெலிகோல் போல் தோன்றாது இருக்கவும் வல்லன் என்று வருகிறதே. தீ உள்ளே உறங்கும் கோல் அது. துப்பாக்கிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எங்கே கிடைக்கும்?

முன்வாய் வழி நிரப்புவதற்கு என் முன்மொழிவு: வாய்வழி மருந்தேற்றுக் கலன்.

---

அனுப்பியவர்: பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். "வாய்வழி மருந்தேற்று" என்றால் எங்கள் ஊரில் போலியோ சொட்டு முகாமுக்குக் கூட்டம் கூடிவிடும்.

குறளில் வருகிற ஆக்கி வினையெச்சம், ஐயா. துப்பாக்கி பெயர்ச்சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகி, மலையாளத்தில் தோக்கு, சிங்களத்தில் துவக்குவ. எல்லாம் துருக்கியர் துஃபெக் வழியில் வந்தவை. வள்ளுவர் வெடிமருந்து பார்த்ததில்லை. இன்னும் ஒரு கெட்ட செய்தி. நீங்கள் தமிழென்று நம்பி எழுதிய சிக்கிமுக்கியும் சக்மக் என்ற துருக்கிச் சொல்லின் பேரப்பிள்ளைதான்.

ஞெலிகோல் கட்டையோடு கட்டை கடைவது. இங்கே நடப்பது வேறு. குதிரையின் வாயில் கடித்திருக்கும் கல் உருக்குத் தகட்டைச் சுரண்டுகிறது, சுரண்டிய உருக்குத் துகள்தான் எரிந்துகொண்டே பொறியாக விழுகிறது. குதிரை என்றதும் ஆசிரியை பயப்பட வேண்டாம். விசையை இழுத்தால் முன்னால் பாயும் அந்த உறுப்புக்குப் பழைய அகராதிகளில் குதிரை என்றுதான் பேர். பொறி உள்ளே நுழையும் துளைக்குப் பற்றுவாய். இரண்டும் அருமையான சொற்கள், தூசி தட்டினால் போதும்.

சாவி கேட்ட பாப்பாவுக்காக: பூட்டு வேண்டாம், "கற்பொறி" என்று வையுங்கள். பொறி என்றால் இயந்திரம், பொறி என்றால் நெருப்புத் துளி, எலிப்பொறியில் இருப்பதும் பொறி. மூன்றும் அந்த ஒரு உறுப்பில் இருக்கின்றன.

மஸில்லோடருக்கு என் ஓட்டு "வாய்க்கெட்டி". கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுக் குழாயில் மருந்து போட்டு இடிப்பதை எங்கள் பக்கம் கெட்டிப்பது என்றுதான் சொல்வார்கள். பின்னால் திறந்து தோட்டா போடுவது அடிக்கெட்டி. சுருக்கம், சோடியாகவும் வருகிறது.

---

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லெக்சிங்டன்

கற்பொறி! எடுத்துக்கொண்டேன், நன்றி. கேட்காத சொல் முதலில் கிடைத்தது.

நாட்டுத் துப்பாக்கி ஏன் ஒட்டவில்லை என்றால், நான் பார்த்தது அந்த ரகமே இல்லை. ஒரு பெரியவரின் மேசையில் எட்டுப்பட்டைக் குழல், என் தோள் உயரத்துக்கு. பிடிக்கட்டை மேப்பிள் மரம், புலிவரி போல் குறுக்கே அலையடிக்கும் மரம். சாயமில்லை, இரும்பு கரைத்த அமிலம் பூசிச் சூடு காட்டினால் வரிகள் தாமாகக் கறுத்து எழும்பும் என்றார். கட்டையில் பித்தளை மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் கொழுப்பு தடவிய துணித்துண்டுகள். பெரியவர் அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே பேசினார், மூக்குப்பொடி டப்பியைக் கையில் வைத்திருக்கும் எங்கள் தாத்தா மாதிரி.

மண்டபத்துக்குள் சுட அனுமதி இல்லை. வெறுங்கையால் வரிசையைக் காட்டினார். கொம்பிலிருந்து அளவுக்குழலுக்கு மருந்து (நேராகக் கொம்பிலிருந்து ஊற்றக்கூடாது, உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் கொம்பே கையில் வெடிக்கும்), அளவிலிருந்து குழல்வாய்க்கு. வாயின் மேல் துணி, துணியின் மேல் ஈய உருண்டை. உருண்டை குழலைவிட ஒரு மயிரளவு சிறியது, துணிதான் உள்ளே இருக்கும் மரையைப் பிடித்து அதைச் சுழல வைக்கிறது. பிறகு ஹிக்கரிக் கோலால் அடிவரை தள்ளுவது. கடைசியில் பற்றுவாய் ஓரத்துக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து. பழகின கைக்கே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஆற்றைக் கடந்திருக்கும்.

மருந்துக்கொம்பு ஒன்றை விளக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னார். மாட்டுக்கொம்பை உள்ளே வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சுரண்டியிருக்கிறார்கள். எவ்வளவு மருந்து மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் துப்பாக்கியை விட்டுவிட்டு அந்தக் கொம்பையே சுற்றி நின்றார்கள்.

இதைப் போய் நாட்டுத் துப்பாக்கி என்று எழுதினால் போலீஸ் செய்தி படிப்பதுபோல் இருக்காதா?

---

அனுப்பியவர்: வன்னியான், டொரோண்டோ

வணக்கம் ரீச்சர். மூன்று நாளாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறன், ஒருத்தரும் சொல்லேல்லை. இதுக்கு எங்கட ஊரில ஏற்கெனவே பேர் இருக்கு. இடியன். இடியன் துவக்கு எண்டால் வன்னியில சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

எங்கட அப்புவிட்ட ஒண்டு இருந்தது. முதல்ல மருந்து, மேல தேங்காய்த்தும்பு, கோலால நல்லா இடிக்க வேணும், பிறகு ஈயச் சன்னம், திரும்பவும் தும்பு. இடிக்கிற சத்தம் வளவு முழுக்கக் கேக்கும். அப்பு பண்டி வேட்டைக்கு வெளிக்கிடுறார் எண்டு அதிலதான் எங்களுக்குத் தெரியும். இடிக்கிறதால இடியன். வேற ஆராய்ச்சி ஒண்டும் வேண்டாம்.

இதே துவக்கை மிருகம் போற பாதையில மரத்தோட கட்டி, குறுக்கால கயிறு இழுத்து விட்டால் அது கட்டுத்துவக்கு. கயிறில ஆர் தட்டினாலும் வெடிக்கும். என்ர மாமா ஒருத்தர் காலை அப்பிடித்தான் குடுத்தவர். அதால இந்தச் சாமானை அழகெண்டு பாக்க எனக்கு மனம் வராது. சொல்லை மட்டும் தாறன்.

---

அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

வன்னியான் அண்ணா, இதுதான். வாய்க்கெட்டி கேட்டால் யாரையோ வாயைக் கட்டச் சொன்னது மாதிரி இருக்கிறது. என் ஓட்டு இடியனுக்கு.

---

அனுப்பியவர்: தஞ்சைப் புலவர்

ஈழத்து அன்பரின் தரவுக்கு நன்றி. அவருடைய மாமாவின் துயரைப் படித்து வருந்தினேன்.

ஆயினும் இடியன் கலைச்சொல் ஆகாது. முதலாவது, படிப்பவர் வான் இடியை நினைப்பர். இரண்டாவது, அன் ஆண்பால் விகுதி. உயிரற்ற கருவிக்கு ஆண்பால் விகுதி எங்ஙனம் பொருந்தும்? இடிகலன் என்றால் வழுவில்லை.

---

அனுப்பியவர்: பட்டறைக்காரர், கோயம்புத்தூர்

கட்டுவிரியன் ஆண் மட்டும்தானா ஐயா? நண்டுக்கு அலவன் என்று பேர் வைத்த சங்கப் புலவர் விகுதி பார்த்தாரா? நீங்கள் விரும்பும் கலனும் ன் என்றுதான் முடிகிறது.

---

அனுப்பியவர்: தஞ்சைப் புலவர்

கலன் என்பதில் உள்ளது விகுதியன்று, கலம் என்பதன் மகரத்துக்கு வந்த னகரப் போலி. நிலம் நிலன், அறம் அறன் போல. இதை ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தொரு ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். விரியனும் அலவனும் உயிருள்ளவை. உயிரில்லாத ஒன்றுக்குச் சான்று காட்டுக.

---

அனுப்பியவர்: வரலாற்று மாணவி, மதுரை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆசிரியையின் கோப்பை இறக்கிப் பார்த்தேன். "எல்லைப்புறக் கைவினைகள்" என்று தலைப்பு இருக்கிறது. நம் வாசகருக்கு எல்லைப்புறம் என்றால் ராணுவக் காவல், முள்வேலி. இவர்கள் ஃபிரான்டியர் என்பது குடியேறிகள் மேற்கே நகர்ந்துகொண்டே போன விளிம்பு. அந்தப் பக்கம் காலியாக இல்லை. கென்டக்கி ஷானி, செரோகி மக்களின் வேட்டைக்காடு. கண்காட்சியில் இருந்த கைக்கோடரியை டோமஹாக் என்கிறார்கள், தோல் செருப்பை மொக்கசின் என்கிறார்கள். இரண்டுமே அல்கோன்கின் குடும்ப மொழிகளிலிருந்து வந்தவை. முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றித் தைக்கும் வேலையும் அந்தப் பெண்களிடமிருந்து கற்றதுதான். "குடியேற்ற விளிம்பு" என்று போட்டால் யார் எங்கே குடியேறினார்கள் என்ற கேள்வியாவது பிள்ளைகளுக்கு வரும்.

இந்த நீள்துப்பாக்கிக்கு வழங்கும் கென்டக்கி ரைஃபிள் என்ற பேரும் அப்படித்தான். அது பிறந்தது பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் பக்கத்து ஜெர்மன் வழிக் கொல்லர்கள் கையில். 1815 நியூ ஆர்லியன்ஸ் போருக்குப் பிறகு கென்டக்கி வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து ஒரு பாட்டு ஊரெங்கும் பரவியது, பேரும் அதோடு ஒட்டிக்கொண்டது. செய்தவனுக்குப் பேரில்லை.

---

அனுப்பியவர்: மட்டுறுத்துநர்

நண்பர்களே, ஒரு சொல் கேட்ட இழையில் மடல் நாற்பதைத் தாண்டிவிட்டது. மேற்கோளை வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள், சிலர் புறநானூற்றை ஒவ்வொரு மடலிலும் சுமந்து வருகிறார்கள். ரைஃபிளுக்குப் புரிதுமுக்கியா மரைக்குழலா என்று கேட்ட இருவரும் தனி இழை தொடங்கவும்.

இதுவரை எண்ணிக்கை: இடியன் ஆறு, வாய்க்கெட்டி நான்கு, இடிகலன் ஒன்று, மஸில்லோடர் என்றே இருக்கட்டும் இரண்டு. ஆசிரியை விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். குழுமத்தின் முடிவு என்று போட வேண்டாம்.

---

அனுப்பியவர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியை, லெக்சிங்டன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு பதினொன்றரைக்குக் கோப்பை அனுப்பிவிட்டேன். ஏழாம் படத்தின் குறிப்பு இப்படிப் போகிறது:

"கற்பொறி இடியன். குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் இடிப்பதால் ஈழத்தில் இதற்கு இடியன் என்று பெயர். வரியோடிய மேப்பிள் கட்டை, கையால் செதுக்கியது."

தலைப்பில் குடியேற்ற விளிம்பு. பொறுப்பாசிரியருக்குப் பிடிக்கவில்லை, நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாய்க்கெட்டியைக் கடைசிப் பக்கச் சொற்பட்டியலில் சேர்த்திருக்கிறேன், பட்டறைக்காரத் தம்பி கோபிக்க வேண்டாம். தசை ஏற்றி எழுதிய பையனிடம் இடியனைச் சொன்னேன். "எங்க கிரிக்கெட் டீமுக்கு இந்தப் பேரை வச்சுக்கவா?" என்கிறான்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது. கல் உரசும் அந்த உருக்குத் தகடு, ஃபிரிஸன் என்கிறார்கள். அதற்கு ஒன்றும் தோன்றாமல் "தகடு" என்றே விட்டுவிட்டேன். அடுத்த பதிப்புக்குள் யாராவது சொல்லுங்கள்.

---

அனுப்பியவர்: தஞ்சைப் புலவர்

மலர் சிறக்க வாழ்த்துகிறேன். இடியன் பற்றிய என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். உயிரற்ற பொருளுக்கு அன் விகுதிச் சான்று இன்னும் ஒருவரும் காட்டவில்லை.

அந்தத் தகட்டுக்கு: ஞெலிதகடு.