புதுப்பிப்பு: பிராய்லருக்கு ஆன்டிபயாடிக்குக்குப் பதில் விதைப்பொடி, கருஞ்சீரகம் கைகொடுத்தது

மூன்று மாதம் முன்பு, வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் 500 பிராய்லர் வளர்க்கிறேன், குஞ்சுகளுக்கு அடிக்கடி கழிச்சல், தீவனத்தில் ஆன்டிபயாடிக் போடாமல் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் வெந்தயப்பொடி, கிலோ தீவனத்துக்கு 10 கிராம். சரிப்படவில்லை. கசப்போ என்னவோ தீவனம் எடுப்பது குறைந்தது, எச்சமும் பிசுபிசுப்பாகி, கொட்டகைத் தரையில் பரப்பிய படுக்கை (லிட்டர்) ஈரமானது, ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன். அடுத்த பேட்சுக்கு முதல் நாளிலிருந்தே குடியாத்தம் அண்ணன் சொன்ன கருஞ்சீரகம், அதே அளவு. கழிச்சல் வெகுவாகக் குறைந்தது, 40 நாளில் சராசரி 2 கிலோ தாண்டியது. ஆனால் இந்த முறை தண்ணீர்த் தொட்டியையும் வாரம் இரண்டு தடவை கழுவினேன், அதனால் முழுப் பெயரையும் விதைக்கே கொடுக்க முடியாது.

எதிர்பாராதது ஒன்று: மொத்தமாக அரைத்து வைத்த பொடி நம்ம வேலூர் வெயிலில் இரண்டே வாரத்தில் சிக்கு வாடை அடித்தது, எண்ணெய் வித்து இல்லையா, கோழி தொடவே இல்லை. இப்போது நாலு நாளுக்கு ஒருமுறை அரைக்கிறேன்.

ரத்தக் கழிச்சல் என்றால் விதையை நம்பிக் காத்திருக்காதீர்கள், உடனே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். ராணிக்கெட் (வெள்ளைக்கழிச்சல் நோய்) தடுப்பூசியையும் விடவேண்டாம். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைப் பற்றிக் கேட்டவருக்கு: அது 2019லேயே கோழிகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டது.