பவளத் தொட்டி விளக்கு துடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் கடல் பவளம் வளர்க்கும் இரண்டடித் தொட்டிக்கு நானே எல்இடி விளக்கு செய்கிறேன். சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்கில் 3 வாட் எல்இடி 12 ஒட்டியிருக்கிறேன். 450 நானோமீட்டர் ராயல் புளூ 8, மீதி வெள்ளை. எல்லாம் ஒரே தொடராக 700 மில்லியாம்ப் டிரைவரில் (எல்இடிக்கு மின்சாரம் தரும் கருவி) இருக்கிறது.

சுவிட்சைப் போட்டால் மினுக் மினுக்கென்று துடித்து அணைந்துவிடுகிறது. ஒன்றுக்கு 3.3 வோல்ட் வைத்தாலும் மொத்தம் 40 வோல்ட் கிட்ட வருகிறது; டிரைவர் 36 வரைதான் தரும். கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஆறு ஆறாகப் பிரித்து இணையாகப் போடலாமா? அப்படிச் செய்தால் ஒரு வரிசைக்கு 350தானே கிடைக்கும், பவளத்துக்குப் பத்துமா? இல்லை, இரண்டு வெள்ளையைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பழைய குழல் விளக்கின் கீழ் சோவாந்தஸ் பவளம் ஒவ்வொன்றும் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்க மனசு கேட்கவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.