லியு சியாவ்போ: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

ஓஸ்லோவாசி
2010 டிசம்பர் 10. சீன எழுத்தாளர் லியு சியாவ்போவுக்கு ஓஸ்லோவில் அமைதி நோபல் கொடுத்த நாள். அவர் சிறையில் இருந்ததால் மேடையில் அவருக்குப் பதில் காலி நாற்காலியை வைத்த கதை எல்லோருக்கும் தெரியும், நேரே ராத்திரிக்கு வருகிறேன். வருடா வருடம் தீப்பந்த ஊர்வலம் கிராண்ட் ஹோட்டல் முன்னால் வந்து நிற்கும், நோபல் வாங்கியவர் பால்கனிக்கு வந்து கையசைப்பார். அன்று கையசைக்க ஆளில்லை. அவர் லியாவ்னிங் மாகாணச் சிறையில், மனைவி லியு சியா பெய்ஜிங்கில் வீட்டுக்காவலில். ஹோட்டல் சுவரில் அவர் முகத்தை ஒளிப்படமாக விழச்செய்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர். யாராவது கேமராவைத் தூக்கினால் மஃப்ளரை மூக்குவரை இழுத்துக்கொள்வார். ஆனாலும் கூட்டம் கலையும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. ஊரில் அவருக்கு யார் யார் இருந்தார்களோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

வடக்குக் காற்று
நான் லியாவ்னிங் தலைநகர் ஷென்யாங்கில் எம்பிபிஎஸ் படித்தேன். 2017 ஜூலையில் லியு சியாவ்போ கல்லீரல் புற்றுநோயோடு கிடந்தது அதே ஊர் மருத்துவமனையில். எனக்கு அது அப்பா ஊரிலிருந்து போனில் சொல்லித்தான் தெரியும்! வகுப்புத் தோழியிடம் கேட்டேன். அந்தப் பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் தட்டித் தேடினாள். சட்டப்படி இந்த முடிவுகளைக் காட்ட இயலாது என்று ஒரே ஒரு வரி வந்தது. சட்டென்று போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாப்பிடப் போகலாமா?" என்றாள். 13-ம் தேதி அவர் இறந்தார். இரண்டே நாளில் அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டார்கள். அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஷென்ஜென் கணக்காளர்
எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இந்தப் பேச்சை எடுத்ததும் எழுந்து போய்விட்டார். தம்பி, இனி அங்கே படிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சீன நண்பர்களிடம் இதை நீங்களாகத் தொடங்காதீர்கள். சீனாவின் அரட்டைச் செயலியான வீசாட்டில் படமோ செய்தியோ அனுப்பவே வேண்டாம். கணக்கு அவர்களுடைய சொந்த போன் எண்ணில் இருக்கிறது. விசாரணை வந்தால் நீங்கள் விமானம் ஏறிவிடலாம், அவர்களால் முடியாது. அவர் இறந்த வாரம் வெய்போவில் மெழுகுவர்த்திப் படத்தைக்கூடத் தடுத்தார்கள். அவர்களாகப் பேச வந்தால் போனை அறையிலேயே வைத்துவிட்டு நடந்துகொண்டே கேளுங்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அப்புறம், அதை ஊரில் வந்து பெயரோடு எழுதாதீர்கள்.

மறுப்பாளன்
எல்லோரும் அவரைப் பூசை அறையில் வைக்கிறீர்கள். 1988-ல் ஹாங்காங் இதழ் ஒன்றுக்குத் தந்த பேட்டியில், சீனா உண்மையிலேயே மாற 300 வருடக் காலனி ஆட்சி வேண்டும் என்றவர் அவர். இராக் போரையும் ஆதரித்தார். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதை வாசித்துக் காட்டியபோது, விடுதலைப் போராட்டக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அவருக்கு என்ன பதில் சொல்வது?

சாய் வான்
மறுப்பாளன், அந்தப் பேச்சு எனக்கும் கசக்கிறது. ஆனால் அவரை உள்ளே தள்ளியது அந்தப் பேச்சுக்காகவா? 2009 கிறிஸ்துமஸ் அன்று 11 வருடத் தண்டனை கொடுத்தபோது தீர்ப்பில் காட்டியவை அவருடைய ஆறு கட்டுரைகளும் அவரும் சேர்ந்து எழுதிய 08 சாசனமும்தான். அந்தச் சாசனம் கேட்டது தேர்தலும் பேச்சுரிமையும் சுதந்திரமான நீதிமன்றமும். 1989-ல் நியூயார்க்கில் நிம்மதியாக இருந்திருக்கலாம். திரும்பி வந்து, ஜனநாயகம் கேட்டு மாணவர்கள் போராடிக்கொண்டிருந்த பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்தில் மூன்று பேரோடு உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 4 விடியற்காலை ராணுவம் சூழ்ந்தபோது, அந்த மூவரில் ஹௌ டெஜியனும் ஜோ டுவோவும் ராணுவத்திடம் பேசி வழி வாங்கினார்கள். மாணவர்களைக் கிளம்பச் சொல்லி நால்வரும் கெஞ்சினார்கள். சதுக்கத்தில் மிச்சமிருந்த மாணவர்கள் உயிரோடு வெளியேறினார்கள். உங்கள் பெரியவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் அனுபவம் சின்னது. 2017-ல் ஹாங்காங்கில் சீன அரசு அலுவலகத்துக்கு எதிரே அவருக்கு அஞ்சலி. பள்ளிச் சீருடையில் ஒரு பையன் இரங்கல் ஏட்டில் தன் முழுப்பெயரை எழுதினான். பின்னால் நின்ற அம்மா பேனாவைப் பிடுங்கப் போய், பிறகு தானும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இன்று அந்த ஏடு யாரிடம் இருக்கிறதோ, அதுதான் எனக்குப் பயம்.

ஓஸ்லோவாசி
சாய் வான், நன்றி. லியு சியா 2018 ஜூலையில் பெர்லின் போய்ச் சேர்ந்தார். அவருடைய பொம்மைப் புகைப்படங்களை அங்கே நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்களேன்.