குழாய்ப் பார்வையுடன் வீ.ஆர். விளையாட்டு: முயன்று பார்க்கலாமா?

வெள்ளவத்தை மாணவன்:
எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் உண்டு. பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது; குழாய் வழியே பார்ப்பது போலத்தான் தெரியும். நடுவில் எஞ்சியுள்ள சிறிய வட்டத்துக்குள் கண்ணாடி அணிந்து எழுத்துகளை நன்றாகவே வாசிக்கிறேன். மங்கலான வெளிச்சத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. நண்பர்கள் சேர்ந்து, தலையில் மாட்டி மெய்நிகர் (வீ.ஆர்.) உலகுக்குள் விளையாடும் குவெஸ்ட் 3 ஹெட்செட் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அவர்களோடு விளையாட மிகவும் ஆசைப்படுகிறேன். கண்ணுக்கு இவ்வளவு அருகில் திரை இருப்பது பொருந்துமா, கண்ணாடியைக் கழற்ற வேண்டுமா, எந்த விளையாட்டில் தொடங்குவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

கண் பரிசோதகர், பம்பலப்பிட்டி:
தம்பி, திரை சில சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது என்றாலும், இடையிலுள்ள வில்லைகள் அதன் பிம்பத்தை ஒரு மீற்றருக்கும் அப்பால் நிறுத்துகின்றன. ஆகவே தூரப் பார்வைக்குக் கண்ணாடி அணிபவர் ஹெட்செட்டுக்குள்ளும் அதை அணிய வேண்டும். வாசிக்க மட்டும் அணிபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கண்ணாடி உரசி வில்லைகளில் கீறல் விழாதிருக்க, முகப்பகுதியைச் சற்று முன்னே தள்ளி வைக்கும் வசதி அந்தக் கருவியில் உண்டு. வில்லைகளுக்கிடையிலான தூரத்தையும் உங்கள் கண்மணிகளுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்யுங்கள். நடுப்பார்வையை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இது மிக முக்கியம். பளிச்சிடும் ஒளி உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை, தேசிய கண் வைத்தியசாலையிலோ வேறெங்கோ உங்களைத் தொடர்ந்து பார்க்கும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கொட்டாஞ்சேனைவாசி:
எனக்கும் இதே நோய்தான். பாட்டின் தாளத்துக்கேற்பக் கட்டைகளை ஒளிவாளால் வெட்டும் பீட் சேபர் விளையாட்டில் தொடங்குங்கள் என்பேன். அதில் கட்டைகள் எதிரே, வெகு தொலைவில் தோன்றி நம்மை நோக்கி வருகின்றன. தொலைவில் இருக்கும்போது அவை அனைத்தும் நமது சிறிய வட்டத்துக்குள் அடங்கிவிடுவதால், எந்தக் கட்டையை எந்தத் திசையில் வெட்டுவது என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளலாம். அருகில் வந்து அவை விரிந்து பரவும்போது தாளமே கையை வழிநடத்தும். எதிரிலிருந்து வந்து பக்கவாட்டில் கடக்கும் சுவர்கள்தான் நமக்குச் சிரமம். அவற்றையும், வெட்டக்கூடாத குண்டுகளையும் நீக்கிவிட அமைப்பிலேயே வழி உண்டு; பாட்டின் வேகத்தையும் குறைக்கலாம். கட்டைகளின் நிறங்கள் இருளில் கரைந்தால், உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் நிறங்களைத் தெரிவுசெய்யுங்கள். இருண்ட சுரங்கங்களில் பேய்களைத் தேடும் விளையாட்டுகளை நான் தொடுவதில்லை. அவை நம்மை நினைத்து ஆக்கப்பட்டவை அல்ல.

இன்னொன்று. விளையாட்டு எல்லையைக் காட்டும் கட்டக்கோடுகள் பக்கவாட்டில் தோன்றினால் நமக்குத் தெரியாமல் போகலாம். அதனால் வெறுங்காலுடன் ஒரு சிறிய பாயின்மேல் நின்று விளையாடுகிறேன். பாயின் ஓரம் பாதத்துக்குத் தட்டுப்பட்டால் நடுவுக்கு வந்துவிடுவேன். தொடர்மாடி வீடுகளில் மின்விசிறி தாழ்வாக இருக்கும். கையை உயர்த்தும் முன் அதை நிறுத்திவிடுங்கள்.

வெள்ளவத்தை மாணவன்:
இருவருக்கும் மிக்க நன்றி. சுவர்களை நீக்கலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. பட்டியல் (மெனு) திரைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நண்பனின் கருவியில் ஒருமுறை பார்த்தபோது, எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை.

தெஹிவளை நிரலாளர்:
விளையாட்டைவிடப் பட்டியல்கள்தான் பெரும் தடை என்பது உண்மை, அதற்கு வடிவமைப்பாளர்களே பொறுப்பு. பார்வை குறைந்தவர் என்றால் எழுத்தைப் பெரிதாக்கினால் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நடுப்பார்வை பாதிக்கப்பட்டவருக்கு அது உதவும். குழாய்ப் பார்வை உடையவருக்கோ பெரிதாக்கப் பெரிதாக்க எழுத்து வட்டத்துக்கு வெளியே போய்விடும். எனவே பட்டியல் ஓரிடத்தில் நிலையாக நிற்குமானால், நீங்கள் ஓரடி பின்னால் சென்று பாருங்கள்.

2019இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் சம்பந்தப்பட்ட குழுவொன்று சீயிங் வீ.ஆர். என்ற பெயரில் 14 உதவிக் கருவிகளை உருவாக்கியது. பக்கக் காட்சியின் கோட்டுருவத்தைச் சுருக்கி நடுவில் காட்டுவது, எழுத்தை வாசித்துச் சொல்வது, பொருள்களின் விளிம்பைத் துலக்குவது ஆகியவை அவற்றுள் அடங்கும். அவற்றில் 9 கருவிகளை, விளையாட்டை ஆக்கியவரின் உழைப்பின்றியே இணைக்கலாம் என்று அவர்கள் காட்டியிருந்தும், இத்தகைய வசதிகள் இன்றுவரை பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வந்து சேராதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

இப்போதைக்கு, ஹெட்செட்டில் தெரியும் காட்சியை நண்பரின் கைபேசிக்கு அனுப்புங்கள். அவர் அதைப் பார்த்து, "இடப்பக்கம், கொஞ்சம் கீழே" என்று சொன்னால் பொத்தானைக் கண்டுபிடித்துவிடலாம். பாட்டு தொடங்கியபின் அவருடைய உதவி உங்களுக்குத் தேவைப்படாது.