0603 கெபாசிட்டர்களை எப்படிப் பிரித்து வைக்கிறீர்கள்?

வணக்கம். கால் உள்ள ரெசிஸ்டர்களில் பிரச்சினை இல்லை. இ12 வரிசையில் (ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 12 மதிப்புகள்) 1 ஓமிலிருந்து 1 மெகா ஓம் வரை 73 மதிப்புகள். மதிப்புக்கு ஒரு ஜிப் கவர், எல்லாவற்றையும் ஏறுவரிசையில் ஒரு ஷூ பெட்டிக்குள் நிறுத்தினால் முடிந்தது. கலந்துபோனாலும் வண்ணப்பட்டை காட்டிக்கொடுத்துவிடும்.

தலைவலி 0603 செராமிக் கெபாசிட்டர்தான். 1.6 × 0.8 மி.மீ. அளவு, மேலே ஓர் எழுத்துகூட இருக்காது. கலந்துவிட்டால் மீட்டரில் மைக்ரோஃபாரட் தெரியும், ஆனால் 16 வோல்ட்டா 50 வோல்ட்டா என்று தெரியாது. அப்புறம் குப்பைதான்.

அறை பிரித்த, ஒரே மூடி போட்ட டப்பா இதற்கு ஆகாது. தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே 1 மி.மீ. சந்து இருந்தாலே போதும், டப்பா சாய்ந்ததும் பக்கத்து அறைக்குக் குடிபோய்விடும். பாகங்கள் குழிகுழியாக அடைத்து வரும் டேப்போடு வெட்டி கவரில் வைத்தால், வெட்டிய முனையில் மேல்படலம் உரிந்து நாலைந்து கொட்டுகிறது.

தேவை சுமார் 40 மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 50 முதல் 100 வரை. கேள்விகள் இரண்டு:

தனித்தனி ஸ்பிரிங் மூடி உள்ள குட்டி டப்பாக்களில், நிலைமின்னால் பாகங்கள் மூடியில் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது தெறிக்கின்றனவா? கறுப்பு நிற ஆன்டிஸ்டாட்டிக் (நிலைமின் தேங்காத) வகை வாங்கினால் உள்ளே இருப்பது வெளியே தெரியாதே, லேபிள் மட்டும்தான் வழியா?

8 மி.மீ. டேப் துண்டுகளை நாணய ஆல்பத் தாள்களில் செருகி வைப்பவர்கள், முனையை எதால் ஒட்டுகிறீர்கள்? செல்லோடேப் பசை நாளடைவில் பிசுபிசுக்கிறது.

மாஸ்ஃபெட், ஐசி எல்லாம் வெள்ளி நிற ஷீல்டிங் கவரில் பத்திரமாக இருக்கின்றன, அதை விட்டுவிடலாம்.